டிக்கெட்டில் போட்டிருந்த நேரம்

டொராண்டோவிலிருந்து திருவனந்தபுரத்துக்கு வான்வழியில் ஏறக்குறைய பதிமூவாயிரத்து எழுநூறு கிலோமீட்டர். இதை நீங்கள் என்னிடம் கேட்கவில்லை. கேட்காமலே சொல்வது என் வியாதி. முப்பது வருஷத்துக்கு மேல் பூகோள வாத்தியாராக இருந்து வாங்கிய வியாதி, ஓய்வு பெற்ற பிறகும் குணமாகவில்லை. அதனால் உயிர்ச்சேதம் ஒன்றும் ஏற்பட்டதில்லை. இறந்துபோன என் அக்காவின் முகத்தை அவளுடைய ஒரே மகன் கடைசியாக ஒரு தடவை பார்க்க முடியாமல் போனது, அவ்வளவுதான். அதற்குப் பிறகு நாலு வருஷம் தகப்பனும் மகனும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை, அதுவும்தான். இரண்டுக்கும் காரணம் நான். ஊர் இன்றுவரை காற்றைத்தான் குறை சொல்கிறது. காற்றின் மேல் பழியைப் போட்டதும் நான்தான்.

தென்காசியில் விமான நிலையம் கிடையாது. ஆனால் தெருவுக்கு நாலு பிள்ளைகள் விமானம் ஏறிப் போன ஊர். சந்தோஷமாக இருக்கும்போது விமானம் எத்தனை மணி நேரம் பறக்கும் என்று இங்கே யாரும் கவலைப்படுவதில்லை. கல்யாணத்துக்கு வருகிறவன் பத்து நாள் முன்னாலேயே வந்து, ஐந்தருவியில் குளித்து, ஜலதோஷம் பிடித்து, மூக்கைச் சிந்திக்கொண்டே போட்டோவில் நிற்பான். விமானக் கணக்கு தேவைப்படுவது ஒரே ஒரு சமயத்தில். வீட்டில் ஒருவர் இறந்து, கூடத்தில் ஐஸ் பெட்டி வந்து இறங்கி, தெருவில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டு, வருகிறவர்கள் எல்லாம் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே "எப்பம் எடுக்காங்க?" என்று கேட்க ஆரம்பிக்கும் சமயத்தில். எப்போது எடுப்பது என்பது வெளிநாட்டுப் பிள்ளை எப்போது வந்து சேருவான் என்பதைப் பொறுத்தது. அவன் எப்போது வந்து சேருவான் என்பது என்னைப் பொறுத்தது.

என்னிடம் ஓர் உலக உருண்டையும் ஒரு நூலும் உண்டு. பள்ளிக்கூடம் புது உருண்டை வாங்கியபோது பழையதை எனக்குக் கொடுத்துவிட்டார்கள். அதில் சோவியத் யூனியன் இன்னும் உடையாமல் இருக்கிறது. புறப்படுகிற ஊரில் நூலின் ஒரு நுனியை வைத்து, திருவனந்தபுரம் வரை இழுத்துப் பிடித்து, நூலை அளவுகோலில் வைத்தால் தூரம் வந்துவிடும். மணிக்கு எண்ணூற்றைம்பது என்று வகுத்தால் நேரம். கைபேசியை இரண்டு தட்டுத் தட்டினால் தெரிகிற விஷயம்தான். ஆனால் இழவு வீட்டில் மனிதர்களுக்கு ஒரு மனிதன் வாயால் சொல்ல வேண்டியிருக்கிறது. அவன் கண்ணாடி போட்டவனாக இருந்தால் இன்னும் நல்லது.

சிவகிரியிலிருந்தெல்லாம் போன் வரும்.

"அண்ணாச்சி, துபாய்ல இருந்து எத்தன மணி நேரம்?"

"நாலு."

"சிட்னின்னா?"

"நாளைக்கு எடுங்க."

டாக்டர் மருந்து எழுதுவதுபோலச் சொல்வேன். இழவு வீடுகளில் மின்விசிறிக்கு நேர் கீழே எனக்கு ஒரு நாற்காலி இருக்கும். இப்படியொரு மரியாதையை ஒரு மனிதன் வேண்டாம் என்று சொல்ல வேண்டும் என்று எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லை.

நாலு வருஷம் முன்னால், குற்றாலம் சீசன் நல்ல உச்சத்தில் இருந்தபோது, ஒரு செவ்வாய்க்கிழமை விடிவதற்கு முன் என் அக்கா இறந்தாள். என்னைவிட ஐந்து வயது மூத்தவள். மகன் டொராண்டோவில். அவனுக்குத் தகவல் போனதும் அழுதானாம். பிறகு ஒரு மணி நேரத்தில் டிக்கெட் எடுத்து, அதைத் தன் அப்பாவின் போனுக்கு அனுப்பிவிட்டு விமான நிலையத்துக்குக் கிளம்பிவிட்டான். என் அத்தான், அதாவது அக்காவின் கணவர், வயலும் தோப்புமாக வாழ்ந்தவர். போனில் வந்ததைப் பார்க்காமலேயே என்னிடம் நீட்டினார்.

"மாப்ள, இவன் எப்பம் வாரான்னு பாத்துச் சொல்லுங்க. நீங்க சொன்னாச் சரி."

பக்கத்துக் கடையில் அதை அச்செடுக்கச் சொன்னேன். காகிதத்தில் இல்லாத எதையும் என்னால் நம்ப முடியாது. டொராண்டோவில் திங்கள் இரவு பதினொன்றரைக்குப் புறப்பாடு. நடுவில் வளைகுடாவில் விமானம் மாற வேண்டும். திருவனந்தபுரத்தில் புதன் காலை எட்டு பத்துக்கு இறங்குகிறது. ஐந்தாம் வகுப்பு படித்த பிள்ளை இதைப் படித்தால், புதன் காலை எட்டு பத்துக்கு வருகிறான் என்று சொல்லியிருக்கும். நான் அவ்வளவு குறைவாகப் படித்தவன் இல்லை.

டிக்கெட் கனடாவில் வாங்கியது. ஆகவே அதில் இருப்பது கனடா நேரம். பூமி ஒரு டிகிரி சுற்ற நாலு நிமிஷம். டொராண்டோ நம்மைவிடக் கோடைகாலத்தில் ஒன்பதரை மணி நேரம் பின்தங்கியது. எட்டு பத்தோடு ஒன்பதரையைக் கூட்டினால் மாலை ஐந்து நாற்பது. பென்சிலை எடுத்து அந்த அச்சுத்தாளின் ஓரத்திலேயே கூட்டி, கீழே இரண்டு கோடு போட்டேன். ஒவ்வோர் ஊரின் நேரத்தையும் அந்தந்த ஊர் நேரத்தில்தான் டிக்கெட்டில் போடுவார்கள் என்பது தீர்க்கரேகையைப் பற்றி ஒன்றும் தெரியாத கோடிக்கணக்கான பேருக்குத் தெரியும். இந்தத் தப்பைச் செய்வதற்கு ஓரளவு படிப்பு வேண்டும்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். என் நூல் அன்றைக்கு என்னிடம் உண்மையைச் சொன்னது. பதினாறு மணி நேரம் என்றது. என் கூட்டல்படி பார்த்தால் அவன் திங்கள் இரவிலிருந்து முப்பத்திரண்டு மணி நேரத்துக்கு மேல் வழியில் இருக்க வேண்டும். மீதிப் பதினாறு மணி நேரம் எங்கே போயிற்று? வளைகுடாவில் காத்திருப்பான் என்று நானே அவனை உட்கார வைத்துவிட்டேன்.

வாசலில் நாற்காலி வட்டத்துக்கு நடுவே நின்று சொன்னேன். "சாயந்தரம் அஞ்சே முக்காலுக்கு இறங்குதான். வெளிய வந்து, மலை ஏறி இறங்கி வர ராத்திரி ஒம்பதரை ஆயிரும்."

ஒருவர் மட்டும் எதிர்த்தார். அத்தான் வீட்டுக்கு எப்போதும் கார் ஓட்டுகிறவர். வாரத்துக்கு இரண்டு தடவை திருவனந்தபுரம் விமான நிலையத்துக்குப் போய்வருகிற ஆள். என்னிடம் ஒன்பதாம் வகுப்பு படித்து, பூகோளத்தில் மட்டும் தோற்றவர்.

"சார், டிக்கெட்ல போட்டிருக்கது இங்கத்த டைம்தான சார்? நான் எல்லாரையும் அந்த டைமுக்குத்தான் போய்க் கூட்டிட்டு வாரேன்."

"ஏலே, நீ பூகோளத்துல எத்தன மார்க் வாங்குன?"

எல்லாரும் சிரித்தார்கள். இழவு வீட்டில் சிரிப்பதற்கு ஒரு சந்தர்ப்பம் கிடைத்தால் யாரும் விடுவதில்லை. அவரும் தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தார். "அது சரி சார், நீங்க சொன்னாச் சரி" என்று சொல்லிவிட்டு, சாயங்காலத்துக்கு வண்டி எடுக்கிறேன் என்று போய்விட்டார்.

பிறகு நடந்த பேச்சு எல்லா வீட்டிலும் நடக்கிற பேச்சுதான். ராத்திரி எடுக்க முடியாது. வியாழக்கிழமை எடுப்பதென்றால் இன்னும் ஓர் இரவு பெட்டியில் கிடக்க வேண்டும். அன்றைக்கு இரண்டு தடவை மின்சாரம் போய் வந்திருந்தது. புதன்கிழமை பன்னிரண்டிலிருந்து ஒன்றரை ராகுகாலம், அதற்குள் எல்லாம் முடிந்துவிட வேண்டும். அத்தான் மட்டும் திரும்பத் திரும்ப என்னிடம் வந்தார்.

"மாப்ள, ஒருவேள முன்னாலயே வந்துட்டான்னா?"

"வர முடியாது அத்தான். பூமி சுத்துத வேகத்த மாத்த முடியுமா?"

அவர் பூமியோடு சண்டை போடுகிறவர் இல்லை. புதன் காலை பத்தரைக்கு எடுத்தோம். பிறந்த வீட்டுக் கோடிச் சேலையை என் கையால் போட்டேன்.

சிற்றாற்றங்கரைச் சுடுகாட்டில் பதினொன்றேகாலுக்கு வாய்க்கரிசி போட ஆரம்பித்தார்கள். நான் வரிசையில் மூன்றாவது ஆள். சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. தெரியாத எண். நிறுத்திவிட்டேன். அரிசியைக் கையில் வாங்கும்போது மறுபடியும் அதிர்ந்தது. இந்தத் தடவை எடுத்துப் பார்த்தேன். யார் கூப்பிடுகிறார் என்று காட்டுகிற ஒரு வசதியை எப்போதோ யாரோ என் போனில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். ஒரு பெயரும், அதற்குப் பக்கத்தில் 'டாக்ஸி, திருவனந்தபுரம்' என்றும் வந்தது.

அந்த ஒரு நொடியில் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. நூல், பதினாறு மணி நேரம், எட்டு பத்து, ஒன்பதாம் வகுப்பில் தோற்றவர், எல்லாம் சரியாக வந்து உட்கார்ந்தன. இவ்வளவு வேகமாக நான் வாழ்க்கையில் எந்தக் கணக்கும் போட்டதில்லை. அவன் மலையைத் தாண்டி வந்துகொண்டிருக்கிறான். அரை மணி நேரம், மிஞ்சினால் முக்கால். "கொஞ்சம் நிறுத்துங்க" என்று நான் சொல்லியிருந்தால் நிறுத்தியிருப்பார்கள். ராகுகாலத்தைக்கூட நான் சொன்னால் தள்ளி வைத்திருப்பார்கள்.

சொல்லவில்லை. சுற்றி நாற்பது பேர் நின்றார்கள். அத்தனை பேரும் முந்தின நாள் நான் தீர்க்கரேகையை விளக்கியதைக் கேட்டவர்கள். போனைப் பைக்குள் போட்டுவிட்டு அரிசியைப் போட்டேன். மூன்றாவது தடவை அதிர்ந்தபோது பையின் மேல் கையை வைத்துக்கொண்டேன். மகன் வந்து சேராததால் அத்தானே கொள்ளி வைத்தார்.

பன்னிரண்டு அடித்துப் பத்து நிமிஷத்தில் மருமகன் வந்தான். வீட்டுக்குப் போய், அங்கே பெண்கள் கூடத்தைக் கழுவிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, அதே டாக்ஸியில் ஓடி வந்திருக்கிறான். தோளில் பை அப்படியே இருந்தது. நெருப்பைப் பார்த்துவிட்டு யாரையும் கட்டிப் பிடிக்காமல் நின்றான்.

"எட்டு பத்துன்னு அனுப்பியிருந்தேனே. போன் பண்ணேனே மாமா. என் சிம்மு வேலை செய்யல, டாக்ஸிக்காரர் போன்ல இருந்து பண்ணேன். அப்பா போன் ஆஃப்ல இருந்துச்சு. அத விட்டா உங்க நம்பர்தான் மனப்பாடம்."

"சைலண்ட்ல கெடந்திருக்கு, மருமவனே" என்றேன்.

பிறகு அவன் தன் அப்பாவைப் பார்த்தான். கொள்ளி வைத்தவர் அவர். டிக்கெட்டை அவர் போனுக்குத்தான் அனுப்பியிருந்தான். அவர் அவசரப்பட்டுவிட்டார் என்று அவன் நினைத்துக்கொண்டான் என்பது எனக்கு அங்கேயே தெரிந்தது. திருத்துவது என் தொழிலாக இருந்தும் திருத்தவில்லை.

அன்று சாயங்காலம் அத்தான் என்னைத் தனியாகக் கேட்டார். "எப்படி மாப்ள இவ்வளவு சீக்கிரம் வந்தான்?" நான் யோசிக்கக்கூட இல்லை. "மேல காத்து அத்தான். மேக்க இருந்து கிழக்க அடிக்கும். பின்னால இருந்து விமானத்தத் தள்ளிட்டு வந்திருக்கு." அப்படி ஒரு காற்று உண்மையிலேயே உண்டு. ஒன்றிரண்டு மணி நேரம் மிச்சப்படுத்தும். ஒன்பதரை மணி நேரம் தள்ளுவதென்றால் அது என் வாயிலிருந்து வந்த காற்றாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் ஊர் ஏற்றுக்கொண்டது. அதற்குப் பிறகு எனக்கு வந்த போன்களில், "அண்ணாச்சி, காத்தையும் சேத்துச் சொல்லுங்க" என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

மருமகன் பதினாறாம் நாள் முடிந்து போனான். அப்பாவோடு இரண்டு வார்த்தைக்கு மேல் பேசவில்லை. காற்றுக் கதையை அவர் சொல்லும் சாக்கு என்றே எடுத்துக்கொண்டான். அடுத்த வருஷம் திதிக்கு வரவில்லை. அதற்கடுத்த வருஷமும் இல்லை. மாதத்துக்கு ஒரு தடவை போன் பண்ணி, மாத்திரை சாப்பிட்டீங்களா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவானாம். அத்தான் என்னிடம் வந்து உட்கார்ந்து சொல்வார். "நான் என்ன செஞ்சேன் மாப்ள? காத்து செஞ்சதுக்கு நானா பொறுப்பு?" நான் காபி கொடுப்பேன்.

நாலாவது வருஷம் அவருக்கு உடம்பு தளர்ந்துவிட்டது. வேட்டியை இடுப்பில் நிறுத்தவே ஒரு கை வேண்டியிருந்தது. ஒருநாள் அவர் போனைப் பார்த்துக்கொண்டே, "எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா அவன் வருவானா? நீங்கதான் நேரம் சொல்லணும்" என்றார். அன்றைக்குக் காபி கொடுக்க முடியவில்லை. அவர் போன பிறகு மருமகனைப் போனில் கூப்பிட்டு, திதிக்கு வா, நேரில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்றேன். டிக்கெட்டை எனக்கு அனுப்பினான். அதே விமானம், அதே எட்டு பத்து.

அத்தான் கேட்டார். "எப்பம் வாரான் மாப்ள?"

"எட்டு பத்துக்கு இறங்குதான்."

"காத்து?"

"காத்து இல்ல அத்தான்."

பழைய ஓட்டுநரோடு ஆறு மணிக்கே போய் விமான நிலைய வாசலில் நின்றுவிட்டேன். எட்டு பத்துக்குச் சரியாக இறங்கியது. அதைப் பார்த்து ஆச்சரியப்பட்டவன் அந்தக் கூட்டத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

பின் இருக்கையில் இரண்டு பேரும் உட்கார்ந்தோம். பாலோடு என்கிற ஊர் வரைக்கும் தென்மேற்குப் பருவமழையைப் பற்றிப் பேசினேன். அது எங்கே தொடங்குகிறது, எப்படி மலையில் மோதுகிறது என்று விளக்கினேன். பதிமூவாயிரத்து எழுநூறு கிலோமீட்டர் தாண்டி வந்தவன், பாவம், கேட்டுக்கொண்டிருந்தான். தென்மலை தாண்டியதும் பேசுவதற்கு மழையும் தீர்ந்துவிட்டது.

"அன்னைக்கு நேரம் கணக்குப் பண்ணது உங்கப்பா இல்ல மருமவனே. நான்."

அவன் திரும்பினான். ஓட்டுநர் பாட்டை நிறுத்தினார். எட்டு பத்தோடு ஒன்பதரையைக் கூட்டியதைச் சொன்னேன். அத்தான் மூன்று தடவை கேட்டதைச் சொன்னேன். முன்னால் உட்கார்ந்திருப்பவர் சரியாகச் சொன்னதையும், அவரை நான் என்ன கேட்டேன் என்பதையும் சொன்னேன்.

"அப்பாதான் அவசரப்பட்டாங்கன்னுல்லா நெனச்சேன்."

"தெரியும்."

"தெரியுமா?"

"அன்னைக்கே தெரியும். போனும் சைலண்ட்ல இல்ல. பாத்தேன்."

"எத்தனாவது தடவ?"

"ரெண்டாவது. வாய்க்கரிசி போடுதப்ப."

வண்டி இரண்டு வளைவு ஏறியது. கோபப்படுவான், கத்துவான் என்று எதிர்பார்த்தேன். அதற்கெல்லாம் பதில் தயார் செய்து வைத்திருந்தேன். அவன் கேட்டது வேறு.

"அம்மா முகம் எப்படி இருந்துச்சு மாமா? அப்பாட்ட கேக்க முடியல. நீங்க பக்கத்துல நின்னீங்கள்லா, கடைசியா."

கோடி போட்டபோது கூட்டம் நெருக்கியது. அரிசி போட்டபோது என் கை மட்டும் அங்கே போயிற்று. எவ்வளவு நினைத்துப் பார்த்தாலும் எனக்கு வருவது அக்காவின் முகம் இல்லை. போனின் வெளிச்சமும் அதில் ஓர் எண்ணும்தான்.

"நான் பாக்கல. போனைப் பாத்துட்டிருந்தேன்."

ஆரியங்காவில் வண்டியை நிறுத்தச் சொன்னான். இறங்கிப்போய் சாலை ஓரத்தில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். தூறிக்கொண்டிருந்தது. திரும்பி வந்தவன் முன் கதவைத் திறந்து ஓட்டுநர் பக்கத்தில் உட்கார்ந்தான். செங்கோட்டை தாண்டி வீடு வந்து சேரும்வரை அவனுடைய பின்னந்தலையைப் பார்த்துக்கொண்டு வந்தேன். அக்காவுக்கும் உச்சியில் இப்படித்தான் இரண்டு சுழி.

அத்தான் வாசலில் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்கு மகனிடம் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

"எப்பம்ப்பா இறங்குன?"

"எட்டு பத்துக்குப்பா. அன்னைக்கும் எட்டு பத்துக்குத்தான் இறங்குனேன். சீக்கிரம் வரல. டிக்கெட்ல போட்டிருந்த நேரத்துக்குத்தான் வந்தேன்."

அத்தான் அவன் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்தார். "காத்து ஒண்ணும் தள்ளல அத்தான். நான்தான் தப்பாக் கூட்டுனேன்" என்றேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மகனின் கையைப் பிடித்து, "உள்ள வா, நனைஞ்சிருக்க" என்றார். என்னை வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. ஓட்டுநர் பையை இறக்கி வைத்துவிட்டு வந்தார்.

"வீட்டுல விட்டுரவா சார்?"

"நீ அன்னைக்கு சரியாத்தான் சொன்ன."

"தெரியும் சார்" என்றார்.

இப்போது தகப்பனும் மகனும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு மணி நேரம் பேசுகிறார்களாம். இதை எனக்குச் சொன்னவர் ஓட்டுநர். மருமகன் என்னைக் கூப்பிடுவதில்லை. அத்தான் காபிக்கு வருவதில்லை. சரியாகத்தான் செய்கிறார்கள்.

போன வாரம் வாசுதேவநல்லூரிலிருந்து ஒரு போன். பின்னால் அழுகைச் சத்தம் கேட்டது.

"அண்ணாச்சி, லண்டன்ல இருந்து தம்பி வருதான். திருவனந்தபுரத்துல மூணு இருபதுன்னு போட்டிருக்கு. கணக்குப் பண்ணிச் சொல்லுங்க."

"மூணு இருபதுக்கு வருவான்."

"அவ்வளவுதானா அண்ணாச்சி? கூட்டிக் கழிக்க ஒண்ணும் இல்லியா?"

குரலில் ஏமாற்றம் தெரிந்தது.

"ஒண்ணும் இல்ல. அவன் வார வரைக்கும் எடுக்காதிய" என்றேன்.